எழுதி வாங்குகிறவர் பெயர்

கரீம் சாயபுவை ஜட்கா வண்டியிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. இறங்கியதும் இருவரையும் கையால் விலக்கிவிட்டு, ரிஜிஸ்திரார் ஆபீஸ் படிகள் நான்கையும் தாமே ஏறினார். படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். அவர் என் மேஜைக்கு முன்னால் வந்தபோது ஆவாரம்பட்டையின் துவர்ப்பு வாசனையும் கூடவே வந்தது. எவ்வளவு அத்தர் பூசினாலும் தோல் பதனிடும் கிடங்கு வைத்திருப்பவரை விட்டு அது போகாது.

"உட்காருங்க சாயபு" என்றேன்.

"உக்காந்தா எழுந்திருக்கறது பேஜார் சார். மொதல்ல படிச்சுடுங்க."

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. அப்படிப்பட்டவர்களுக்குப் பத்திரத்தை நாங்களே உரக்கப் படித்துக் காட்டுவது வழக்கம். அவருக்குப் பின்னால், கதவு நிலையை ஒட்டி, அந்தப் பத்திரத்தை எழுதிய ஞானமுத்து நின்றிருந்தார். 'நின்றிருந்தார்' என்று இப்போது மரியாதையாக எழுதுகிறேன். அந்தக் காலத்தில் நான் அவரைப் பற்றி அப்படிப் பேசியதில்லை.

இது ஜெர்மன் சண்டைக்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு. இடம், ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே பாலாற்றங்கரையில் ஓர் ஊர். ஊர்ப் பெயரை எழுதவில்லை. சம்பந்தப்பட்டவர்களின் பேரன்மார் இன்னும் நல்ல ஆரோக்கியத்தோடு வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே ரிஜிஸ்திரார் லீவில் போயிருந்ததால், தலைமைக் குமாஸ்தாவான நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில், ஆலங்காயத்தில் ஒரே புளியமரத்தை மூன்று பேருக்கு விற்றவரைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், "ஊரார் செய்த தப்பையெல்லாம் எழுதுகிறீர்களே, உங்கள் உத்தியோகத்தில் நீங்கள் செய்தது ஒன்றுகூட இல்லையா?" என்று கார்டு போட்டிருக்கிறார். இருக்கிறது. இதோ எழுதுகிறேன்.

பீயூன் மெல்லுவதை நிறுத்தினான்

பத்திரம் சிறியது. கரீம் சாயபுவின் தோல் கிடங்குக்குத் தெற்கே ஒரு மனை. அதில் ஒரு கிணறு. அந்தப் பக்கத்தில் மற்றக் கிணறுகளெல்லாம் உப்புக் கரித்துக் கிடக்க, அது ஒன்றுதான் நல்ல தண்ணீர். அது சாயபுவின் சொந்த மனைக்குள் இருந்ததால், கிடங்கின் சுண்ணாம்புத் தொட்டியில் இடுப்பளவு நின்று வேலை செய்கிறவர்கள் குடிதண்ணீருக்கு ஆற்றுக்குப் போய் ஊற்றுத் தோண்ட வேண்டியிருந்தது. இந்தக் கிணற்றையும் மனையையும் யார் வேண்டுமானாலும் வந்து இறைத்துக்கொள்ளும்படி கடவுள் பேருக்கு எழுதிவைத்துவிடுவது என்று சாயபு தீர்மானித்திருந்தார். அவருடைய மகன் ஜமாலுக்கு அந்த மனையில் இன்னொரு கிடங்கு போடும் எண்ணம் என்பது கடைத்தெருவுக்கே தெரியும்.

எழுதிக் கொடுப்பவர் விவரம் படித்தேன். சரியாக இருந்தது. நான்கு எல்லை படித்தேன். அதுவும் சரி. பிறகு இந்த வரி வந்தது:

"எழுதி வாங்குகிறவர்: இந்தக் கிணற்றை வெட்டுவதற்கு முன்பே இதிலுள்ள தண்ணீர் யாருடையதோ அவர்."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடுத்த வரி, வாளியும் கயிறும் யார் பராமரிப்பது என்பது.

நகல் எழுதுகிறவரின் பேனா நின்றது. பீயூன் கோவிந்தன் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினான். நான் ஞாயிறுதோறும் பேசும் சபைக்கு இரண்டு முறை எனக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தவன் அவன். இரண்டு முறையும் என் பிரசங்கம் முடியும்வரை இடைவிடாமல் மென்றுகொண்டிருந்தான்.

"அல்லா என்று போட்டிருக்கலாமே சாயபு?" என்று கேட்டேன்.

"போடலாம் சார். போட்டா, இது நம்ம ஆளுங்களுக்கு மட்டும்னு நாளைக்கு ஜமால் வேலி கட்டுவான். தொட்டியில நிக்கறவன் முக்காவாசி வேற ஆளு. வேற பேர் எதுனா போட்டா நம்ம ஆளுங்க வரமாட்டாங்க. படிக்கறவன் எவனா இருந்தாலும், அட, இது நம்மவரேதான்னு தெரியணும். அப்டி எழுதுடான்னேன். எழுதிட்டான் பையன்."

அந்தப் பையன் ஞானமுத்துவுக்கு வயது நாற்பது. பத்து வயதிலிருந்து கிடங்கில் தோல் அலசியவர். சுண்ணாம்பு தின்று விரல் நுனிகள் வெளுத்திருக்கும். மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு; அந்தப் படிப்பை வைத்துப் பிறகு பத்திரம் எழுத வந்தவர். அவர் இப்போது காதைச் சொறிந்துகொண்டு, எப்போது முடியும் என்பதுபோல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளையாரின் தொழில்

அந்த வரியைக் கேட்டு என் வயிறு ஏன் எரிந்தது என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பத்திரத்தில் வரும் ஒவ்வொருவருக்கும் பெயர், தகப்பனார் பெயர், தொழில், இருப்பிடம் எல்லாம் எழுதியாக வேண்டும். நான் அரக்கோணத்துப் பக்கம் நகல் குமாஸ்தாவாக இருந்த நாளில், ஒருவர் கொஞ்சம் நிலத்தைப் பிள்ளையாருக்கு எழுதிவைத்தார். பிள்ளையாரோடு சிக்கலே இல்லை. தகப்பனார் பெயர் ஊருக்கே தெரியும். இருப்பிடம், ரயிலடி அரசமரம். தொழில் என்ன என்று மட்டும் யோசித்தோம். அன்றைய ரிஜிஸ்திரார், "சொந்தச் சொத்தில் ஜீவனம்" என்று போட்டு முடித்தார்.

அடுத்த மாதம் ஓர் அம்மாள் சிவபெருமானுக்கே எழுதிவைக்க வந்தார். தகப்பனார் பெயர்? பேனா நின்றது. கோடு போட்டிருந்தால் போயிருக்கும். அட்டவணையில் "தகப்பனார் பெயர் தெரியவில்லை" என்று ஒரு புத்திசாலி எழுதிவிட்டான். ஜில்லாவிலிருந்து அந்தப் புத்திசாலிக்கு மெமோ வந்தது. அதற்குப் பதில் எழுதியவன் நான்தான்.

பதில் எழுதும்போது பிடித்த பைத்தியம் பிறகு விடவில்லை. மனிதனை அளப்பதற்காக மனிதன் செய்துகொண்ட சொற்களைக் கொண்டு கடவுளை எப்படிச் சொல்வது? வேலூரில் ஞாயிற்றுக்கிழமை கூடும் ஒரு சபையில் ஏழு வருஷமாக இதைத்தான் பேசிவந்தேன். சொல்ல முடியாது என்பதுதான் என் கட்சி. சொல்ல முடியாது என்பதையே ஏழு வருஷம் சொல்லியும் தீரவில்லை. முன்வரிசையில் இருப்பவர்கள் பேஷ் என்பார்கள். பின்வரிசையில் தூங்குவார்கள். என்றைக்காவது ஒருநாள், கேட்டதும் எல்லோரும் வாயடைத்துப் போகும்படி ஒரு வாக்கியம் எனக்கு வரும் என்று காத்திருந்தேன்.

வந்துவிட்டது. விலாசம் மாறிப் போயிருந்தது.

ஆட்சேபம்

"இந்தப் பத்திரம் செல்லாது" என்றேன்.

சாயபு தலையை நிமிர்த்தினார். "இன்னா சார்?"

"தண்ணீர் முன்பே அவருடையது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையதாக இல்லாததை நீங்கள் எப்படிக் கொடுக்க முடியும்? அவர் பொருளை அவருக்கே எழுதிக் கொடுக்க நீங்கள் யார்?"

சாயபு சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கச் சற்று நேரமாயிற்று. "அதத்தானே சார் நானும் அறுபது வருஷமா கேட்டுகிட்டிருக்கேன்."

"சட்டப்படி சொல்கிறேன்."

"சரி சார். சட்டம்னா சட்டம். வேற எப்டி எழுதணும்?"

இங்கே வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் சொன்னது சட்டமே இல்லை. கொடுப்பவருக்குப் பாத்தியதை உண்டா என்று பார்ப்பது ரிஜிஸ்திராரின் வேலை அல்ல; அது கோர்ட்டின் வேலை. வந்திருப்பவர் அதே ஆள்தானா, எழுதியதை ஒப்புக்கொள்கிறாரா என்ற இரண்டைத்தான் நாங்கள் கேட்கலாம். இந்த விதியை எத்தனையோ இளைய குமாஸ்தாக்களுக்கு நானே மனப்பாடம் செய்வித்திருக்கிறேன். அன்று காலையில்கூட ஒருவனுக்குச் சொன்னேன்.

ஞானமுத்து முதல்முறையாக வாயைத் திறந்தார். "ஐயா, பெரியவருக்கு ஒடம்பு ஜாஸ்தி முடியல. இன்னிக்கே முடிச்சுட்டா நல்லது. ஐயா இப்பவே ஒரு வார்த்த சொன்னீங்கன்னா மாத்திக்கிறேன்."

"இதெல்லாம் வாசலில் நின்றுகொண்டு சொல்லும் வார்த்தையா? திங்கட்கிழமை வா."

அன்று வியாழக்கிழமை. நான்கு நாள். அதற்குள் சாயபு இறந்துபோனால், பத்திரத்தை ஒப்புக்கொள்ளும் உரிமை வாரிசான ஜமாலுக்குப் போகும். ஜமால் மறுத்தால் அந்தக் கிணறு புதுக் கிடங்கின் மதிலுக்கு உள்ளே போய்விடும். அதுவும் எனக்குத் தெரிந்த விதிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சபைக்குப் போகவில்லை. காலையில் குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, காகிதத்தோடு உட்கார்ந்தேன். பத்திரம் எழுதித் தருவது ஆபீசில் இருப்பவனுக்குக் கூடாத காரியம். ஒரு விதியை மீறியவனுக்கு இரண்டாவது விதி பெரிதாகத் தெரியாது.

'தந்தையானவர்' என்று எழுதினேன். ஜமாலின் தந்தை நினைவுக்கு வந்தார்; சொல் கேட்காத பிள்ளையைப் பெற்ற ஒரு தந்தை. அடித்தேன். 'அரசர்' என்று எழுதினேன். அரசர் என்றால் வரி. அடித்தேன். 'நீதிபதி' என்றேன். எனக்குத் தெரிந்த நீதிபதிகள் ஒவ்வொருவராக முகத்தைக் காட்டினார்கள். அடித்தேன். 'கருணையுள்ளவர்' என்பது நல்ல சொல்தான். ஆனால் கருணை மனுவில் எங்கள் ஆபீசில் தினமும் அந்தச் சொல்லைத்தான் கலெக்டருக்குப் போடுவார்கள்.

மத்தியானத்துக்குமேல் வேறு வழிக்குப் போனேன். அவர் என்னவாக இல்லை என்பதை எழுதத் தொடங்கினேன். பெயரற்றவர், உருவமற்றவர், இடமற்றவர், தொடக்கமும் முடிவும் அற்றவர். இந்த வழி சுலபமாக ஓடியது. ஒரு பக்கம் நிறைந்த பிறகுதான் கவனித்தேன்: பெயரும் உருவமும் விலாசமும் இல்லாத ஒருவருக்கும், அப்படி ஓர் ஆளே கிடையாது என்பதற்கும் ஒரு ரிஜிஸ்திரார் ஆபீசில் வித்தியாசம் இல்லை.

ஞானமுத்துவின் வரி நடுநடுவே தானாக வந்து நின்றது. அது கடவுளைப் பற்றி எதையுமே சொல்லவில்லை. தண்ணீரைப் பற்றிப் பேசிவிட்டு, அவருக்கு ஓர் இடம் விட்டு ஒதுங்கிக்கொண்டது. கேட்கிறவன் தன்னவரை அந்த இடத்தில் தானே உட்கார வைத்துக்கொள்கிறான். இது எனக்கு அன்று சாயங்காலம் நன்றாகவே புரிந்தது. புரிந்ததும் அந்த ஆள்மேல் கோபம் இன்னும் ஏறியது. மூன்றாம் வகுப்புப் படித்தவனுக்கு இது எப்படி, எந்த உரிமையில் வந்தது?

"சாப்பிட வரலியா? ஒரு வரிக்கா இவ்வளவு நேரம்?" என்று உள்ளேயிருந்து என் மனைவி கேட்டாள்.

திங்கட்கிழமை ஞானமுத்துவின் கையில் என் காகிதத்தைக் கொடுத்தேன். எழுதி வாங்குகிறவர்: "நாம ரூபங்களைக் கடந்தவரும், ஆதியந்தம் அற்றவரும், மனத்துக்கும் வாக்குக்கும் எட்டாதவரும், சர்வ வியாபியுமாகிய பரம்பொருள்."

அவர் உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தார். பாராட்டு வருமென்று நான் எதிர்பார்த்தேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

"நல்லாருக்குதுங்க" என்றார். "முழுசா எழுதணுங்களா?"

கட்டிலருகே

புதன்கிழமை ஒரு மனு வந்தது. சாயபுவால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை, ரிஜிஸ்திரார் வீட்டுக்கு வந்து பதிய வேண்டும் என்று. அப்படிப் போக விதி உண்டு. போனேன்.

வாசலில் ஜமால் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தஸ்பி ஜபமாலை. "அப்பாவுக்கு நெனவு முன்னபின்ன இருக்குது சார். இன்னொரு நாள் பாத்துக்கலாமே."

"நினைவு இருக்கிறதா என்று நான்தான் பார்க்க வேண்டும்" என்றேன். வழிவிட்டார்.

அறையில் தைல வாசனை. அதையும் மீறி ஆவாரம்பட்டை. சாயபு மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்தார். பாதி ஆளாகிவிட்டிருந்தார். என்னைத் தெரிகிறதா என்று கேட்டேன்.

"சட்டம் சொன்ன சார்" என்றார்.

தேதி, கிழமை, மகன் பெயர் எல்லாம் கேட்டேன். சரியாகச் சொன்னார். நினைவு தெளிவு. அவரை அறிந்த சாட்சிகள் இருவர், இவர்தான் கரீம் சாயபு என்றார்கள். கூட வந்திருந்த ஞானமுத்து புதிதாக எழுதிய பத்திரத்தை எடுத்துப் படித்தேன். நான் எழுதிய பகுதி வந்ததும் சபையில் பேசுவதுபோல் குரல் தானாக உயர்ந்தது.

"நிறுத்து சார்" என்றார் சாயபு.

நிறுத்தினேன்.

"இது யாரு?"

"யார் என்றால்?"

"இப்ப படிச்சியே, அந்த ஆளு. மனசுக்கும் எட்ட மாட்டாராம், வாயிக்கும் எட்ட மாட்டாராம். என் கெணத்த எனக்கு எட்டாத ஆளுக்கா எழுதறேன்?"

"எல்லாம் அவர்தான் சாயபு. கடவுள்தான்."

"எனக்கு இவரத் தெரியாது சார்." கண்ணை மூடிக்கொண்டார். "சாகப்போற நேரத்துல தெரியாத ஆளுக்கு எழுதிக் குடுக்கச் சொல்றீங்களே. மொதல்ல குடுத்தது வேற ஆளுக்கு. இத நான் ஒப்புக்கமாட்டேன்."

ஜமால் முன்னால் வந்தார். அவருடைய முகத்தில் சந்தோஷம் இல்லை, அவசரம்தான் இருந்தது. "கேட்டீங்க இல்ல சார்? ஒப்புக்கல. அப்டியே எழுதிடுங்க."

அவர் சொன்னது முறைப்படி சரி. எழுதிக் கொடுப்பவர் மறுத்தால், "மறுத்தார், பதிவு நிராகரிக்கப்பட்டது" என்று பத்திரத்தின் முதுகில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான். பேனாவை மையில் தோய்த்தேன். அப்போது எனக்குத் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு வரியை எழுதிவிட்டால், என் வாக்கியம் போகும். கூடவே ஞானமுத்துவின் அந்த வாக்கியமும் போகும். எந்தச் சர்க்கார் புத்தகத்திலும் அது ஏறாது. நகல் எடுப்பவர் யாரும் அதைப் படித்துவிட்டு வாயடைத்து உட்கார மாட்டார்கள். கிணறு எனக்கு அந்தக் கணத்தில் நினைவிலேயே இல்லை.

ஞானமுத்து கட்டிலின் கால்பக்கம் குனிந்தார்.

"பெரியவரே, கண்ணத் தொறங்க. ஐயா எழுதினது ஒசந்த வார்த்த. நமக்குத்தான் புரியல. ஆள் அதே ஆளுதான், நான் சொல்றேன். சரின்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. கெணறு போயிடும் பெரியவரே. ஆத்துக்கு நடக்க முடியல ஜனங்களால."

தன் வரியைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. என் வரிக்காக அந்த மனிதர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

பேனாவைத் துடைத்து வைத்தேன். "முதலில் கையெழுத்துப் போட்ட பத்திரம் எங்கே?" என்று கேட்டேன். "கிழித்தாயிற்றா?"

சாயபுவின் கை தலையணைக்கு அடியில் போயிற்று. வெளியே வந்தபோது அதில் நான்காக மடித்த முத்திரைக் காகிதம் இருந்தது.

"சார், அதத்தான் செல்லாதுன்னு நீங்களே சொன்னீங்களாமே" என்றார் ஜமால்.

"நான் சொன்னது தவறு" என்றேன். என் உத்தியோகத்தில் இந்த மூன்று சொற்களை நான் சேர்த்துச் சொன்னது அன்று ஒருநாள்தான். அதில் பாதி எச்சிலோடு உள்ளே போய்விட்டது.

படித்தேன். இந்தத் தடவை குரலை உயர்த்தவில்லை. "இந்தக் கிணற்றை வெட்டுவதற்கு முன்பே இதிலுள்ள தண்ணீர் யாருடையதோ அவர்" என்று முடித்ததும் சாயபு கண்ணைத் திறந்தார்.

"ஆங். இவருதான்" என்றார். "இவரத் தெரியும்."

பெருவிரல் ரேகை வாங்கி, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, நானும் போட்டேன். அந்த வாரக் கடைசியில் சாயபு போய்விட்டார்.

அடக்கிவைத்த கேள்வி

கிணற்றைச் சுற்றி மதில் எழவில்லை. ஜமால் ஒரு வக்கீலைப் பார்த்தார், அவரும் பத்திரத்தைப் படித்துவிட்டு, இதை உடைப்பது கஷ்டம் என்று அனுப்பிவிட்டதாகக் கேள்வி. நகல் குமாஸ்தா பத்திரத்தைப் புத்தகத்தில் ஏற்றினார். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவன் நான். அவர் அவசரத்தில் 'முன்பே' என்ற சொல்லை விட்டிருந்தார். அதை அப்படியே விட்டிருந்தால் வரியின் உயிர் போயிருக்கும். சிவப்பு மையில் சேர்த்துக் கையெழுத்திட்டேன். எவ்வளவு நேரம் யோசித்த பிறகு என்பதை வாசகர் கேட்க வேண்டாம்.

அப்புறமும் எனக்கு நிம்மதி இல்லை. சபையில் என் பேச்சு நடுவில் நின்றுபோகும். அந்த வரியை எடுத்துச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். யார் எழுதியது என்று கேட்பார்களே என்று விழுங்கிவிடுவேன். சில மாதத்தில் பிரசங்கத்தையே விட்டுவிட்டேன். தொண்டை சரியில்லை என்று காரணம் சொன்னேன்.

நிரந்தர ரிஜிஸ்திரார் திரும்பிய பிறகு ஒரு மத்தியானம். ஆபீஸ் வராந்தாவில் யாரும் இல்லை. ஞானமுத்து ஒரு கிரயப் பத்திரத்தைக் கொண்டுவந்து, எல்லை சரியாக இருக்கிறதா என்று காட்டினார். பார்த்துக் கொடுத்தேன். அவர் திரும்பும்போது கேட்டே விட்டேன்.

"ஞானமுத்து, அந்தக் கிணற்றுப் பத்திரத்து வரி உனக்கு எப்படி வந்தது?"

"எந்த வரிங்க?"

"எழுதி வாங்குகிறவர் வரி."

"அதா... பெரியவர் அவசரப்படுத்தினாருங்க. அன்னிக்கு நாலு பத்திரம் கையில. என்னத்தையோ போட்டேன்." நெற்றியைச் சுருக்கினார். "இன்னான்னு போட்டேன், ஞாபகம் இல்லியே. ஐயாவுக்கு இருக்குதுங்களா?"

இருந்தது. முழு வரியையும், ஒரு சொல் பிசகாமல், நான் அவருக்குச் சொன்னேன்.

வேறு யாரோ எழுதியதைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"நல்லாத்தான் கீது, இல்லீங்க?"

"பரவாயில்லை" என்றேன்.